பதினான்கு மணிக்காரி

மூன்று மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போதே மல்சுன் இடுப்பு வாரை அவிழ்க்கத் தொடங்கிவிடுவாள். கையில் பாதி நறுக்கிய முள்ளங்கி இருந்தால் அது பாதியாகவே கிடக்கும். வாரோடு கழன்று வருவது ஒரு பஞ்சு மணை. தோசைக்கல் அகலம், ஒரு சாண் கனம், மேலே ஊதாப் பூப்போட்ட ரெக்சின் உறை. இரண்டு தொடையிலும் வாரை மாட்டி இடுப்பில் கட்டிக்கொண்டால் எங்கே குந்தினாலும் அது அடியில் வந்து நிற்கும். எழுந்து நடந்தால் வாத்து வால் மாதிரி பின்னாலேயே ஆடிக்கொண்டு வரும். வெங்காயக் காட்டுப் பெண்கள் கண்டுபிடித்த சாமான். சந்தையில் நிரந்தர வேலைக்காரிகளுக்குக் கடையிலேயே ஒன்று கிடக்கும். மல்சுன் தன்னுடையதைத் தானே சுமக்கிறாள். ஈரத்துணியால் ஒரு துடை, பைக்குள் ஒரு செருகல். "இன்னைக்குள்ளது ஆச்சு" என்பாள், யாரையும் பார்க்காமல். வியாழக்கிழமையானால் மட்டும் சொல் மாறும். "பதினாலு ஆச்சு."

மசான் மீன்சந்தைக்குப் பின்புறச் சந்தில் இருக்கிறது மெங் கி-ஹோவின் தொடுகறிக் கடை. உப்பிட்ட கோஸ், நெத்திலி வறுவல், தாமரைக் கிழங்கு, மிளகாயில் புரட்டிய மீன்குடல் என்று முப்பது தட்டு வரிசையாக இருக்கும். சோறு மட்டும் வடித்துக்கொண்டு குழம்புக்கும் கறிக்கும் இங்கே ஓடிவரும் குடும்பங்கள் அந்தச் சந்தையைச் சுற்றி ஏராளம். மல்சுனுக்கு ஒன்பது வருஷமாகத் திங்கள் முதல் வியாழன் வரை, பதினொன்றரையிலிருந்து மூன்று வரை அங்கே வேலை. கூட்டிப் பார்த்தால் பதினான்கு மணி நேரம். அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி, கருவாட்டுக் கடையில் சாயங்காலம் நெத்திலித் தலை கிள்ளுகிறாள். அதுவும் வாரத்துக்குப் பதினான்கு. விடியலில் ஐந்திலிருந்து ஏழு வரை பொதுக் குளியலறையில் நீளத் தூரிகையால் நின்றபடி ஓடு தேய்க்கிறாள். ஏழு நாளும் உண்டு. அதுவும் பதினான்கு.

இந்தப் பதினான்கு ஏன் என்று சந்தில் யாரும் கேட்பதில்லை. பதினைந்து மணி நேரம் வேலை கொடுத்தால் அந்த ஆளைக் காப்பீட்டில் பதிய வேண்டும், சந்தாவில் பாதி முதலாளி கட்ட வேண்டும், ஓய்வுநாளுக்கும் கூலி தர வேண்டும், வேலையை விட்டால் கையில் ஒரு தொகை கொடுத்து அனுப்ப வேண்டும். பதினான்கு என்றால் இதில் ஒன்றும் கிடையாது. ஆக, வாரத்துக்கு நாற்பத்திரண்டு மணி நேரம் உழைக்கிற மல்சுன் சட்டத்தின் கண்ணுக்கு எவருடைய வேலைக்காரியும் அல்ல.

இதில் மெங் கெட்டவன் என்று சொல்ல முடியாது. மீந்த தொடுகறியைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பான். மழை பிடித்தால் பேருந்து நிறுத்தம் வரை குடை பிடித்து வருவான். சந்து வழக்கப்படி சமையல்கட்டுப் பெண்களைச் "சித்தி" என்று கூப்பிடுவான், அவனுக்கு ஐம்பத்திரண்டு, இவளுக்கு ஐம்பத்தாறு ஆனாலும். ஆனால் வாரத்தை முள்ளங்கி மாதிரி துண்டு போடுவதில் அவன் கத்தி தனிக் கத்தி. குளிர்ப்பெட்டிக் கதவில் ஓர் அட்டவணை ஒட்டியிருப்பான். நான்கு பெண்கள், நான்கு பதினான்கு. யாராவது பத்து நிமிடம் கூட உட்கார்ந்துவிட்டால் அவனே பதறிக்கொண்டு ஓடி வருவான். "சித்தி, மணியாச்சு, கிளம்புங்க, கிளம்புங்க!" வேலைக்காரியைச் சீக்கிரம் வீட்டுக்கு விரட்டுகிற முதலாளி உலகத்தில் எங்கே உண்டு என்று நம்ஹேக்காரி சிரிப்பாள். காலைப் பதினான்கு அவளுடையது. பெயர் என்னவோ, நம்ஹே தீவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்ததால் நாற்பது வருஷமாக அவள் நம்ஹேக்காரிதான்.

மல்சுனின் பிறந்த வீட்டில் பெண்கள் நான்கு, ஆண் ஒன்று. மூத்தவள் ஹாமானில் தர்பூசணி போட்டு, கடன்பட்டு, அதை அடைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அடுத்தவள் பூசானில் தையல். மூன்றாவது பிள்ளை சுங்-மான், ஆண். இன்னொரு ஆணுக்கு ஆசைப்பட்டபோது வந்தவள் இவள். இதோடு பெண் போதும் என்று கடைசி என்ற பொருளில் மல்சுன் என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகும் ஒருத்தி பிறந்தாள். அவளுக்கு என்ன பெயர் வைப்பது என்று தெரியாமல் ஒரு மாதம் பெயரில்லாமலே கிடந்தாளாம். மல்சுனின் கல்யாணம் பதினெட்டு வருஷம் ஓடி நின்றுபோனது. பிள்ளை இல்லை. அவள் துணிமூட்டையோடு திரும்பி வந்தபோது அண்ணன் சுங்-மான் செய்த முதல் காரியம், சாங்வோனில் தான் வேலை பார்த்த இயந்திரத் தொழிற்சாலையின் ஆபீசுக்குப் போய்த் தன் காப்பீட்டு அட்டையில் தங்கையின் பெயரைச் சேர்த்ததுதான். ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "முழங்கால் வலிச்சா போய் ஊசி போட்டுக்க, அட்டையில இருக்க" என்று மட்டும் சொன்னான்.

அந்த அட்டை மடித்த காகிதம். மேலே தொழிற்சாலையின் பெயர், அடுத்து அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள். கடைசி வரியில் தோ மல்சுன், உறவு: தங்கை. பதினொரு வருஷம் அந்த வரியில் இருந்தாள். அண்ணி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும், அறுவடைப் பண்டிகைக்கு மாவு பிசையும்போது, "அந்தக் கடைசிப் பேரு யாருன்னு கம்பெனியில கேட்டாங்களாம் நாத்தனாரே" என்பாள், மாவைப் பார்த்தபடி.

2018 ஜூலையில் சட்டம் மாறியது. கூடப் பிறந்தவர்கள் இனி அட்டையில் சார்ந்திருக்க முடியாது. முப்பது வயதுக்குள் இருந்தால் இருக்கலாம், அறுபத்தைந்து தாண்டினால் இருக்கலாம், ஊனம் இருந்தால் இருக்கலாம். மல்சுனுக்கு இந்த மூன்றும் இல்லை. அண்ணனுக்குப் புது அட்டை வந்தது. பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டதால் அதில் இரண்டே பெயர். மல்சுனுக்கு அவள் பெயரில் தனியாகச் சந்தா பில் வந்தது. அவள் குடியிருந்த ஒற்றை அறைக்குக் கொடுத்திருந்த முன்பணத்தையும் சொத்து என்று அதில் சேர்த்திருந்தார்கள். மாதா மாதம் இரண்டு மதியக் கூலி அதற்கே போயிற்று. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கட்டவில்லை.

பண்டிகைக்குப் போனபோது அண்ணன் புது அட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டான். "முப்பதுக்குள்ள இருந்தா தங்கச்சி. அறுவத்தஞ்சு தாண்டினா மறுபடியும் தங்கச்சி. நடுவுல முப்பத்தஞ்சு வருஷம் இவ யாரு? ரோட்டுல போறவளா?"

"எதுக்குக் கத்துறே அண்ணே? அறுவத்தஞ்சு ஆகட்டும், திரும்பி வாரேன்" என்றாள் மல்சுன்.

"அப்ப நான் வேலையிலயா இருப்பேன்? அடுத்த வருஷம் அனுப்பிடுவான்."

"அப்ப உனக்கும் தனி பில்லு வரும். ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கட்டலாம்."

அண்ணி மட்டும் சிரித்தாள். பில்லைத் தான் கட்டுவதாக அண்ணன் சொன்னான். மல்சுன் பில்லை எடுத்து மணை உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே வைத்துக்கொண்டாள். குளியலறைச் சாவி, பேருந்து அட்டை, முழங்கால் பிளாஸ்திரி எல்லாம் அதற்குள்தான். அன்றையிலிருந்து அவளுக்கு ஒரே யோசனை. எந்தக் கடையாவது தன்னை ஆளாகப் பதிய வேண்டும். பதிந்தால் கூலியை வைத்துத்தான் சந்தா. குடியிருக்கும் அறையை எவனும் எட்டிப் பார்க்க மாட்டான், பாதியை முதலாளி கட்டுவார். அட்டையின் மேல்வரியில் ஒரு கடைப் பெயரும் இருக்கும். கருவாட்டுக் கடையில் கேட்டாள். குளியலறையில் கேட்டாள். இரண்டு இடத்திலும் சிரித்துப் பேசி, பேச்சை மாற்றிவிட்டார்கள்.

நவம்பர் பிறந்தது. நம்ஹேக்காரியின் மகளுக்கு உல்சானில் பிரசவம். குழந்தைக்கு நூறாவது நாள் கொண்டாடிவிட்டுத்தான் திரும்புவேன் என்று அவள் கிளம்பிவிட்டாள். குளிர்காலத்துக்குக் கிம்சி என்னும் கோஸ் ஊறுகாய் போடும் மாதம் அது. ஊரே கோஸ் மூட்டையோடு அலையும்போது காலைப் பதினான்குக்கு ஆள் தேடினால் எங்கே கிடைக்கும்? மெங் இரண்டு நாள் சுற்றிவிட்டு மல்சுனுக்கு எதிரே வந்து குந்தினான்.

"சித்தி, நம்ஹேக்காரி மணியையும் நீங்களே பாத்துக்குங்களேன்."

"இருபத்தெட்டு ஆகுமே முதலாளி."

"ஆகாது. உங்க அண்ணி பேர்ல ஒரு பதினாலு எழுதிக்கறேன். அவங்க வீட்டுல சும்மாதான இருக்காங்க? பேருக்குத்தான் அவங்க. பணம் பூரா உங்க கைக்கு."

மல்சுன் கையிலிருந்த முள்ளங்கியைத் துண்டு போட்டாள். "இதை ரெண்டா வெட்டலாம். என்னை எப்படி முதலாளி வெட்டுவீங்க?"

"எல்லாக் கடையிலும் நடக்கறதுதான் சித்தி."

"பதினொரு வருஷம் அவங்க அட்டையில நான் உக்காந்திருந்தேன். இப்ப என் கூலியில அவங்க வந்து உக்காரணுமாக்கும்? வேணாம்."

மெங் எழுந்துபோய்த் தூணில் அடித்த ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஆணியில் அவனுடைய காப்பீட்டுச் சந்தா பில் தொங்கும். கடை முதலாளியாக இருந்தாலும் பதிந்த ஆள் ஒருவரும் இல்லாததால் அவனும் தனியாள் கணக்கில்தான் கட்டினான். அம்மா விட்டுப்போன வீடு, மலையடிவாரத்தில் விலைபோகாத சீமைப்பனிச்சைப் பழத் தோட்டம், இரண்டும் அவன் பெயரில். கடை வருமானத்தைவிட அந்தத் தோட்டம்தான் பில்லைப் பெருக்கியது. ஒன்பது வருஷமாக மாதா மாதம் அந்த ஆணிக்கு அடியில் நின்று ஒரே வசனம் பேசுவான். "என் வீட்டைப் பாக்கறான், தோட்டத்தைப் பாக்கறான், என் சட்டைப் பையைப் பாக்க மாட்டேங்கறானே!" நவம்பரில் புது மதிப்பீடு வந்து பில் இன்னும் ஏறியிருந்தது.

திங்கட்கிழமை மல்சுன் தன் பாக்கிக்குத் தவணை கேட்கக் காப்பீட்டு ஆபீசுக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் ஆணியிலிருந்து பில்லைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தான். "அந்தப் பழம் விக்கலை, மரத்தை வெட்டவும் காசில்லைன்னு சொல்லுங்க சித்தி. குறைப்பாங்களான்னு கேளுங்க."

ஆபீசில் நாற்காலிகள் நிரம்பி வழிந்தன. சட்டம் மாறின வருஷம், கூட்டத்துக்குக் கேட்பானேன். மல்சுன் கையில் நூற்றுப் பன்னிரண்டாம் எண் சீட்டு. தூண் ஓரமாகப் போய் மணையைக் கட்டிக்கொண்டு குந்திவிட்டாள். கோட்டுப் போட்ட ஆள் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்து, "இங்க உக்காருங்கம்மா" என்றார். "நான் உக்காந்துதான் இருக்கேன்" என்றாள் மல்சுன்.

சாளரத்தில் இருந்தது மகள் வயதுப் பெண். தவணை போட்டுக் கொடுத்துவிட்டு இரண்டாவது பில்லைப் புரட்டினாள்.

"இது உங்களது இல்லையேம்மா."

"முதலாளியோடது. தோட்டம் விலைபோகலை, குறைக்க முடியுமான்னு கேக்கச் சொன்னாரு."

"தோட்டத்துக்குக் குறைக்க வழியில்லைம்மா. கடையா வச்சிருக்காரு? ஆள் யாராச்சும் வேலை பாக்கறாங்களா?"

"நாலு பேரு."

"நாலு பேரை வச்சுக்கிட்டு ஏன் தனியாளாக் கட்டறாரு?"

"எல்லாரும் பதினாலு மணிம்மா."

அந்தப் பெண் தட்டிக்கொண்டிருந்த விரலை நிறுத்தினாள். மல்சுனைப் பார்த்தாள். மடியில் இருந்த மணையைப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். ஒரே ஓர் ஆளைப் பதிந்தாலும் போதும். அந்தக் கடை பணியிடம் ஆகிவிடும், முதலாளியும் அந்தக் கணக்குக்கே மாறிவிடுவார். அதற்கப்புறம் வீடு, தோட்டம் ஒன்றும் கிடையாது, கடை வருமானம் மட்டும்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு எண் எழுதினாள். மேலே இப்போது கட்டுவது. கீழே, ஆளைப் பதிந்தால் தனக்கும் ஆளின் பாதிக்கும் சேர்த்து அவர் கட்ட வேண்டியது. கீழே இருந்ததுதான் சிறியது. "உத்தேசம்தாம்மா" என்றாள்.

மல்சுன் எழுந்தவள் திரும்பி வந்தாள். "பொண்டாட்டி பேரை எழுதிட்டா?"

"நிஜமா வேலை செஞ்சா எழுதலாம். செய்யாம எழுதி மாட்டிக்கிட்டா, விட்டதையெல்லாம் திரும்பக் கட்டணும்."

கடைக்கு வந்ததும் மெங் ஓடி வந்தான். "என்ன சொன்னாங்க?"

"தோட்டத்துக்குக் குறைக்க முடியாதாம்" என்று பில்லைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் பொய் இல்லை. காகிதத் துண்டு மணை உறைக்குள் போய்விட்டிருந்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் என்று நான்கு நாள் அதன் மேலேயே உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கினாள். சொன்னால் மெங் தன் மனைவி பெயரை எழுதிவிடுவான். மனைவி பூச்சாடி அலங்காரம் கற்றுக்கொடுக்கிறவள். மிளகாய்த்தூள் வாடை ஆகாது, கடை வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. ஆனால் பெயர் உள்ளே வர அதெல்லாம் தடையா? சொல்லாவிட்டாலோ இன்னும் ஒன்பது வருஷம் இதே பதினான்குதான். புதன்கிழமை கத்தி விரலில் பட்டது. பதினைந்து வயதிலிருந்து கத்தி பிடிக்கிற கை அது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் கடையின் பெரிய கிம்சி. முந்நூறு கோஸ். சந்துப் பெண்கள் எல்லாரும் வந்து கை கொடுப்பார்கள். அதற்குக் கூலி கிடையாது. போகும்போது ஆளுக்குப் பத்துக் கோஸ் கிம்சி. அது வேலையில் சேராது, அட்டவணையில் ஏறாது, ஒத்தாசை. வருஷா வருஷம் மல்சுனும் அப்படித்தான் வந்தாள். வெள்ளிக்கிழமை பூராவும் உப்பில் ஊறிய கோஸை அலசினார்கள். சனிக்கிழமை மிளகாய்க் குழம்பை இலை இலையாகப் புகுத்தினார்கள். முழங்கை வரை ரப்பர் உறை, அதற்கு மேலும் சிவப்பு. வேலை முடிந்ததும் தரையில் காகிதம் விரித்து, அவித்த பன்றிக்கறியும் பச்சைச் சிப்பியும் பரிமாறினான் மெங். முதலாளி தன் கையால் ஊட்டுவது அந்தக் கடை வழக்கம். புதுக் கிம்சி இலையில் ஒரு துண்டுக் கறியும் ஒரு சிப்பியும் வைத்துச் சுருட்டி ஒவ்வொரு பெண் வாயாகத் திணித்துக்கொண்டே வந்தான்.

"சித்தி, ஆ..."

மல்சுன் வாயைத் திறந்தாள். சுருள் பெரிது, இரண்டு கன்னமும் உப்பிவிட்டது. பேச முடியாது. அந்த நிமிடத்தில்தான் அவள் கை பின்னால் போய் மணையின் ஜிப்பைத் திறந்தது. காகிதத்தை எடுத்து நீட்டினாள். பேச வேண்டியிருந்தால் கொடுத்திருக்க மாட்டாளோ என்னவோ.

மெங் மிளகாய்க் கையோடு வாங்கிப் படித்தான். "இது என்ன? யாரு எழுதினது?"

மென்று முடியும்வரை அவள் பதில் சொல்லவில்லை. பெண்கள் எல்லாரும் மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். விழுங்கிவிட்டுச் சொன்னாள். "காப்பீட்டு ஆபீஸ் பொண்ணு. மேல உள்ளது நீங்க இப்பக் கட்டறது. கீழ உள்ளது ஒரு ஆளைப் பதிஞ்சா கட்டறது. தோட்டத்தைப் பாக்க மாட்டாங்களாம்."

"திங்கக்கிழமை போனீங்க, இன்னைக்குச் சனி!"

"ஆமா."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா உங்க வீட்டம்மா பேரை எழுதிருவீங்கன்னு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மெங் முகம் கோஸைவிடச் சிவந்தது. "எழுதினா என்னங்கறேன்?"

"தாராளமா எழுதுங்க. ஆனா ஆபீஸ்காரங்க வந்து பாக்கும்போது அவங்க இங்க குந்தியிருக்கணும். மணை வேணும்னா நான் தாரேன்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. மெங் சிரிக்கவில்லை. ஓய்வுநாள் கூலி, முதுமைப் பென்ஷன், அனுப்பும்போது கொடுக்கும் தொகை என்று விரலை மடக்கினான். அதெல்லாம் உண்டுதான், இதில் மிஞ்சுகிறது அதற்குப் போகும், நஷ்டம் பெரிசாக வராது, லாபமும் வராது என்றாள் மல்சுன். "ஒன்பது வருஷமா நீங்க எண்ணினப்ப நானும் கூடவேதான் எண்ணினேன் முதலாளி."

காகிதத்தில் சிவப்பாக ஒரு கட்டைவிரல் பதிந்துவிட்டது. அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கறி வெந்த தண்ணீரைக் கொட்டப் போய்விட்டான். அன்றைக்கு எல்லாருக்கும் பத்துக் கோஸ். மல்சுனுக்கும் பத்துதான்.

திங்கட்கிழமை மெங் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. கணக்குப் பொறியை அமுக்குவான், அழிப்பான், மறுபடியும் அமுக்குவான். ஒரு தரம் தனக்குத்தானே "ஒன்பது வருஷம்" என்று சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது. சிக்கனத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்திருந்தவனுக்கு அது சீரணமாக நாளாகும் அல்லவா. மல்சுன் தன் வழக்கப்படி மூன்றுக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது வாரை அவிழ்த்துக்கொண்டு போனாள். மறுநாளைக்கு அவன் வேறு பதினான்கு மணிக்காரியைக் கூட்டி வருவான் என்றே நினைத்திருந்தாள். கருவாட்டுக் கடைப் பெண்களிடம் அப்படித்தான் சொன்னாள்.

புதன்கிழமை மெங் பேனாவும் தாளுமாக வந்து நின்றான். "சித்தி, உங்க பதிவு எண் என்ன?"

நாட்டில் பிறந்த ஒவ்வொருவருக்கும் பதின்மூன்று இலக்கம் உண்டு. மல்சுன் தலை நிமிராமல், கத்தியையும் நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஒப்பித்தாள்.

"மெதுவா, மெதுவா."

மறுபடியும் ஒப்பித்தாள். முன்னைவிட வேகமாக.

"சித்தி! நான் என்ன ஓட்டப் பந்தயத்துலயா இருக்கேன்?"

மூன்றாம் தடவை கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அவன் எழுதிவிட்டு, "ஒருத்தருக்குத்தான். மத்தவங்க கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியலை" என்றான்.

"கேப்பாங்க" என்றாள் மல்சுன்.

காலை மணியும் அவளுடையதாயிற்று. எட்டிலிருந்து மூன்று வரை, நான்கு நாள், இருபத்தெட்டு. கருவாட்டுக் கடையை விட்டாள். குளியலறையை விடவில்லை. நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டாகவே இருந்தது. உல்சானுக்குப் போன் பேசினாள், பிள்ளை பெற்ற வீட்டுக்கு அனுப்பும் உலர்ந்த கடற்பாசிக் கட்டு ஒன்றைத் தபாலில் போட்ட பிறகு.

"என் பதினாலைத் தின்னுட்டியாடி?" என்றாள் நம்ஹேக்காரி எடுத்த எடுப்பிலேயே.

"ஆமாக்கா."

"எனக்கு அந்தப் பதிவெல்லாம் வேணாம். என் வீட்டுக்காரன் அட்டையில நான் நிம்மதியா இருக்கேன். பதிஞ்சா அங்கேருந்து எடுத்துருவாங்க. நீ பதிஞ்சுக்க, நல்லா இரு." உடனே கேட்டாள். "ஆனா நூறாம் நாள் முடிஞ்சு வந்தா நான் எங்கடி குந்தறது?"

அந்தப் பக்கம் குழந்தை அழுதது. நம்ஹேக்காரி வைத்துவிட்டாள்.

டிசம்பர் இரண்டாம் வாரம் அட்டை வந்தது. மேல்வரியில் மெங் வீட்டுத் தொடுகறி. அதன் கீழ் தோ மல்சுன். சார்ந்திருப்பவர்களுக்கான கட்டங்கள் எல்லாம் காலி. எலும்பு வைத்தியரிடம் ஊசிக்குப் போனபோது அதை எடுத்து நீட்டினாள். "இதெல்லாம் இப்ப யாரும் கேக்கறதில்லைம்மா, எண்ணைச் சொன்னாப் போதும்" என்றாள் நர்ஸ். மல்சுன் நீட்டிய கையை மடக்காமலே எண்ணைச் சொன்னாள். கடைசியில் நர்ஸ் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் வியாழக்கிழமை. மூன்று மணிக்கு நான்கு நிமிடம் இருந்தது. கை தானாக இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டது. ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தாள். பையைத் திறந்து மணையைப் பாதி செருகியவள் அப்படியே நின்றாள். "பதினாலு ஆச்சு" என்று சொல்ல வாயெடுத்தது போலிருந்தது, சொல்லவில்லை. நெத்திலி கிள்ள இனிப் போக வேண்டியதில்லை. குளியலறையில் நின்றுகொண்டு தேய்க்கிற வேலை, அங்கே மணை எதற்கு? மெங் வாசலில் யாருக்கோ தாமரைக் கிழங்கு நிறுத்துக்கொண்டிருந்தான். தூணில் ஆணி மட்டும் இருந்தது, பில் இல்லை. மல்சுன் உறையின் ஜிப்பைத் திறந்து குளியலறைச் சாவியையும் பேருந்து அட்டையையும் புதுக் காப்பீட்டு அட்டையையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். மணையின் வாரை ஆணியில் மாட்டினாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்து, ஆணி தாங்குமா என்று வாரைப் பிடித்து ஒரு தடவை பலமாக இழுத்துப் பார்த்தாள்.